தோம்பும் அட்டவணையும்: யாழ்ப்பாணக் காணிப் பதிவின் வழி உறவுநிலைத் தரவுத்தளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உறவுநிலைத் தரவுத்தளத்தின் குறைபாடுகள் பற்றிய விவாதம் கணினித் துறையினரிடையே இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலே நடைபெற்று வருகின்றது. செய்திகளை நிரைகளும் நிரல்களுமாகப் பகுத்து அட்டவணைகளுள் அடைத்து வைக்கும் இம்முறை வங்கிக் கணக்கிற்கும் சம்பளப் பட்டியலுக்கும் பொருந்தலாம். இன்றைய பயன்பாடுகள் வேண்டும் நெகிழ்ச்சிக்கும் பரப்புக்கும் ஈடுகொடுக்கமாட்டாது என்பது விமர்சகர் கூற்று. இவ்விவாதம் பெரும்பாலும் பொறியியல் விவாதமாகவே நிகழ்கின்றது. வேகம் எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை பொறிகளில் பரப்பி வைக்கலாம் என்பனவே அங்கு வினாக்கள். அட்டவணையின் நிரல்களைத் தீர்மானிப்பவர் யார், அந்நிரல்களுள் அடங்காதோர்க்கு நேர்வது யாது என்ற வினா அரிதாகவே எழுகின்றது. வரலாற்று மாணவனுக்கோ இது பழைய வினா. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களும் அவர்தம் காணிகளும் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக அட்டவணைகளுள் எழுதப்பட்டு வந்துள்ளமை யாவரும் அறிந்ததே. அவ்வனுபவத்தைக் கொண்டு இன்றைய தரவுத்தளத்தின் குறைகளை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் விவாதப் பொருளைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1970ஆம் ஆண்டு யூன் மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எட்கர் கொட் என்னும் கணிதவியலாளர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இம்முறையின் தோற்றுவாய். அதற்கு முன்னிருந்த தரவுத்தளங்கள் இருவகையின. ஒன்று, அப்பொல்லோ விண்வெளித் திட்டத்தின் உதிரிப்பாகப் பட்டியலை ஒட்டி ஐ.பி.எம். உருவாக்கிய படிநிலை முறை. மரமொன்றின் கிளைகளைப் போல ஒவ்வொரு பதிவும் ஒரேயொரு மேற்பதிவின் கீழ் அமையும். மற்றையது, சார்ள்ஸ் பாக்மன் 1960களில் முன்வைத்த வலையமைப்பு முறை. பதிவுக்குப் பதிவு சுட்டிகளால் பிணைக்கப்பட்டிருக்கும், வேண்டியதைத் தேடுபவர் சுட்டியைப் பற்றிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுதல் வேண்டும். இரண்டிலும் தரவு எவ்வழியிற் சேமிக்கப்பட்டதோ அவ்வழியிலேயே கேள்வியும் கேட்க வேண்டியிருந்தது. கொட் இவ்வழிப்பாதைகளை அகற்றினார். தரவு யாவும் எளிய அட்டவணைகளாக இருக்கட்டும். ஓர் அட்டவணைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பு சுட்டியால் அன்றி, இரண்டிலும் காணப்படும் ஒரே பெறுமானத்தால் அறியப்படட்டும். கேட்பவர் எதை வேண்டுகின்றார் என்பதைக் கூறினாற் போதும், எவ்வாறு தேடுவது என்பதைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 1974இல் அறிமுகமாகிப் பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்ற வினவல் மொழி 1986இல் அமெரிக்க நியமமாயிற்று. இன்று அரச திணைக்களங்கள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளுட் பெரும்பாலானவை இம்முறையினவே.

ஈண்டு ஒரு சொல் மயக்கத்தை விலக்குதல் நன்று. உறவுநிலை என்ற பெயரில் உள்ள உறவு, கணிதத்தில் கணங்களுக்கிடையே கூறப்படும் உறவேயன்றிக் கொண்டான் கொடுத்தான் உறவன்று. எனினும் யாழ்ப்பாணத்துக் காணியை இத்தளத்துள் எழுதப் புகுவோர், அந்த இரண்டாவது உறவே தம்மை ஒவ்வோர் அடியிலும் மறித்து நிற்பதைக் காண்பர்.

தோம்பு

தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல். லிஸ்பனில் உள்ள அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரிலும் அச்சொல் இன்றும் உண்டு. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நிலத்தையும் அதன் வருவாயையும் பதிவிட்டனர். 1645ஆம் ஆண்டுக்குரிய அவர்தம் ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு போல் ஈ. பீரிஸ் 1920இல் வெளியிட்ட நூல், அன்றைய குடாநாட்டின் நிருவாக ஒழுங்கினை அறிவதற்கு இன்றும் பயன்படுகின்றது. 1658இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்த வணிகக் கம்பனி இம்முறையை மேலும் விரிவுபடுத்தியது. மக்களைப் பதிவு செய்யும் தலைத்தோம்பு, காணிகளைப் பதிவு செய்யும் காணித்தோம்பு என இருவகைத் தோம்புகள் பேணப்பட்டன. முன்னதில் குடிமகனின் பெயர், சாதி, அவன் செலுத்தவேண்டிய தலைவரி, செய்யவேண்டிய ஊழியம் ஆகியன. பின்னதில் காணி, அதன் உடையார், அதற்குரிய வரி ஆகியன. தரவுத்தள அறிஞர் ஒருவர் இவற்றைக் காண்பாராயின், இரண்டு அட்டவணைகளும் அவற்றைப் பிணைக்கும் ஒரு சாவியும் என்றே கூறுவார்.

ஒரு பதிவேட்டில் எந்நிரல் இடம்பெறுகின்றது என்பது அதனை ஆக்கியோரின் தேவையைப் பொறுத்தது. கம்பனியின் தேவை வரியும் ஊழியமுமாகும். ஆகவே சாதி ஒரு நிரலாயிற்று. ஏனெனில் யார் எவ்வூழியம் செய்யக் கடமைப்பட்டவர் என்பது சாதியை ஒட்டியே தீர்மானிக்கப்பட்டது. அதற்கு முன் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருந்ததில்லை என்பது பொருளன்று. இருந்தது, கொடுமையாகவே இருந்தது. ஆயின் ஊருக்கு ஊர் வேறுபட்டும், காலத்துக்குக் காலம் இழுபறிப்பட்டும் வந்த ஒரு நிலைமை, தோம்பில் ஒரு கட்டத்துள் ஒரு சொல்லாக எழுதப்பட்டவுடன் சான்றாக மாறிவிட்டது. 1706–1707இல் ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைக்கும் இதுவே நேர்ந்தது. பன்னிரு முதலியார்களின் ஒப்புதலுடன் எழுத்துருப் பெற்ற அத்தொகுப்பு, 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் பிரித்தானியர் ஆட்சியிற் சட்டவலுப் பெற்றது. வழமை எதுவென வினவப்பட்டோர் உடைமையாளர். கோவியர், நளவர், பள்ளர் முதலியோர் அத்தொகுப்பில் அடிமைகள் என்ற தலைப்பின்கீழ் இடம்பெற்றனரேயன்றி, சாட்சி கூறுவோராக அல்லர்.

1818ஆம் ஆண்டில் பிரித்தானியர் பிறப்பித்த அடிமைப் பதிவு ஒழுங்குவிதி இவ்விடத்துத் தனிக்கவனத்திற்குரியது. அடிமைகள் யாவரையும் பதிவுசெய்யும் செம்மையான பதிவேடொன்றை நிறுவுவதுடன், அடிமைகள் மீதான கூட்டுடைமையை ஒழிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றென அவ்விதியின் தலைப்பே கூறுகின்றது. யாழ்ப்பாணத்தில் காணியைப் போலவே மனிதரும் முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறினர். ஒருவர் மீது உடன்பிறந்தோர் பலர் பிரிபடாப் பங்கு கொண்டிருந்தனர். அரைப் பங்கும் காற் பங்கும் உடைய மனிதனை எந்த உடையாரின் பெயருக்கு எதிரே எழுதுவது? பதிவேடு ஓர் உடையாரை வேண்டியது. அதே விதி பல உடையாரை நீக்கியது. இவ்விரண்டும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்பது தற்செயலெனக் கொள்வதற்கில்லை. பதிவேட்டின் கட்டம் ஒரு சமூக உறவையே மாற்றியமைத்தமைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டை நம் நாட்டு வரலாற்றிற் காண்பது அரிது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நிரல் நீக்கப்பட்ட பின்னரும் அந்நிரல் குறித்த நிலைமை குடாநாட்டிற் பல தலைமுறைகள் நீடித்தது என்பதை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை.

பங்கு, பரப்பு, பனை

இனி இன்றைய தரவுத்தளத்திடம் மீள்வோம். கொட் விதித்த முதல் நிபந்தனை, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பகுக்கவியலாத ஒரு பெறுமானம் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது. அவருடைய 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டு ஒரு தொழிலாளியைப் பற்றியது. அவனுக்குத் தொழில் வரலாறு உண்டு, ஒவ்வொரு தொழிலிலும் சம்பள வரலாறு உண்டு, பிள்ளைகள் உண்டு. இயல்பாக்கம் என்ற செயன்முறையின் பின் அத்தொழிலாளி நான்கு அட்டவணைகளாகப் பிரிகின்றான். அவனை மீண்டும் ஒருவனாகக் காண நான்கினையும் இணைத்தல் வேண்டும். ஒரு பொருளைச் சிதைத்து வைத்து, கேட்கும்போதெல்லாம் மீளப் பொருத்தும் இவ்வுழைப்பே உறவுநிலை முறைமீது இன்று கூறப்படும் குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது. நிரலாக்க மொழிகள் பொருளை முழுமையாகக் கையாள, தளமோ அதனைத் துண்டுகளாக வைத்திருப்பதால், இரண்டுக்குமிடையே ஓயாத மொழிபெயர்ப்புப் பணி நிகழ வேண்டியுள்ளது.

யாழ்ப்பாணத்துக் காணியொன்றை இவ்வாறு இயல்பாக்க முயல்வோம். பன்னிரண்டு பரப்புக் காணி என்பது எளிய செய்தி போலத் தோன்றும். ஆயின் எந்தப் பரப்பு? பதிவேடுகளில் இலாச்சம் எனக் குறிக்கப்பெறும் இவ்வளவை இருவகைத்து. வரகு விளையும் நிலத்திற்குரிய இலாச்சம் 18 குழி, ஏக்கருக்கு 16. நெல் விளையும் நிலத்திற்குரியது 12 குழி, ஏக்கருக்கு 24. ஆக, பன்னிரண்டு என்ற எண் தனியே நின்றால் அதற்குப் பொருளில்லை; நிலம் எப்பயிருக்கு உரியதெனக் கணிக்கப்பட்டது என்ற செய்தியுடன் சேர்ந்தே அது பொருள் தரும். இதனை மற்றொரு நிரலாற் சரிசெய்யலாம். ஆனால் அந்நிரல் தேவை என்பதை அட்டவணை வரைபவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். கொழும்பிலோ வேறெங்கோ இருந்து பேர்ச்சசும் ஏக்கரும் மட்டும் அறிந்தவர் வரைந்த அட்டவணையில் அந்நிரல் இராது.

பங்கினை எடுத்துக்கொண்டால் சிக்கல் மேலும் இறுகும். வரகுநிலம் 12 பரப்பு உடையவர் இறக்க, நான்கு பிள்ளைகளுக்குக் காற் பங்கு வீதம் சேர்கின்றது. அவர்களுள் ஒருவரின் மூன்று பிள்ளைகளுக்குப் பன்னிரண்டில் ஒன்று வீதமும், அம்மூவரில் ஒருவரின் ஐந்து பிள்ளைகளுக்கு அறுபதில் ஒன்று வீதமும் வந்தடைகின்றன. அறுபதில் ஒன்று என்பது அளவில் 2 பேர்ச்சஸ். எனினும் அது நிலத்தில் ஒரு துண்டைக் குறிப்பதன்று. முழுக் காணியின் ஒவ்வொரு மணலிலும் அறுபதில் ஒரு பங்கு உரிமையைக் குறிப்பது. எஸ்.கியூ.எல். நியமத்திற் பின்னத்திற்கென ஓர் எண்வகை இல்லை. தசமமாக எழுதினால் 0.0167, அறுபது பங்கினையும் கூட்டினால் 1.002 என வரும். இல்லாத காணி முளைத்துவிடும்! தொகுதியையும் பகுதியையும் இரு நிரல்களில் எழுதலாம்; கூட்டலும் சரிபார்த்தலும் பின்னர் தளத்தின் பொறுப்பன்று, நிரலாளரின் பொறுப்பு. (தமிழர் பின்ன எண்களுள் எண்பதில் ஒன்றுக்குக் காணி என்றே பெயர் என்பது ஒரு சுவையான செய்தி. ஆயினும் மாவும் காணியும் முந்திரியும் மூன்றில் ஒன்றைச் சரியாகச் சொல்ல உதவா; மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நம் முன்னோரும் இடர்ப்பட்டிருப்பர்.)

காணியில் நிற்பனவும் காணியோடு முடிந்துவிடுவதில்லை. பிறர் நிலத்தில் ஒருவர் தாமே கன்று கொணர்ந்து தென்னை முதலிய பயன்தரு மரங்களை நாட்டினால் பயனில் மூன்றில் இரண்டு பங்கு நாட்டியவர்க்கும் ஒரு பங்கு நிலவுடையார்க்கும் உரியது எனவும், கன்றினை நிலவுடையார் கொடுத்திருப்பின் இது மறுதலையாகும் எனவும் தேசவழமை கூறுகின்றது. நிலம் ஒருவருடையது, மரம் வேறொருவருடையது, பயன் இருவருடையது. ஒற்றி வைக்கப்பட்ட காணியில் உரிமை ஒருவரிடமும், வட்டிக்கு ஈடாக விளைவை நுகரும் ஆட்சி மற்றொருவரிடமும் இருக்கும். ஆறுகளற்ற குடாநாட்டில் கமத்தின் உயிர்நாடி கிணறு. தோட்டக் காணி உறுதிகளில் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் காணியோடு சேர்த்தே எழுதப்படுகின்றன. அப்பங்கு ஆளைச் சாராமல் காணியைச் சார்ந்து, அயற் காணியுடன் அதனைப் பிணைக்கின்றது. காணிக்கு ஓர் உடையார், உடையாருக்கு ஓர் இலக்கம் என்று தொடங்கும் அட்டவணை இவை ஒவ்வொன்றுக்கும் புதிய அட்டவணை கோரும். கோட்பாட்டளவில் இவை யாவும் இயலுமானவையே. உறவுநிலை முறையால் இவற்றை எழுதவே முடியாது என்று கூறும் விமர்சகர் மிகைபடக் கூறுகின்றனர். நடைமுறையிலோ திட்டத்திற்குப் பணமும் காலமும் குறிக்கப்பட்டிருக்கும்; அட்டவணைகளின் எண்ணிக்கையைக் குறைக்குமாறு மேலிடம் பணிக்கும்; எஞ்சியவை குறிப்பு என்ற கடைசி நிரலில் திணிக்கப்படும். எந்தப் பொறியும் அந்நிரலை வாசித்து விளங்கிக்கொள்வதில்லை.

வம்சாவளி

பிரிபடாக் காணியைப் பிரித்துத் தருமாறு நீதிமன்றத்தை நாடுபவர், 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, உரிமை வழிவந்த முறையைக் காட்டும் வம்சாவளியையும் தாக்கல் செய்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டு 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச்சட்டம், பிரிபடாப் பங்கொன்றை விற்க விரும்புபவர் பங்காளர்க்கும், தாம் மரணசாதனமின்றி இறப்பின் தமக்கு வாரிசாகக்கூடியோர்க்கும் முதல் வாய்ப்பு அளிக்க வேண்டும் என்கின்றது. ஆகவே ஒரு சிறு பங்கின் விற்பனைகூட இனசனம் முழுவதையும் நோக்கிய ஒரு வினாவாகும்.

இவ்வினாவை உறவுநிலைத் தளத்திடம் கேட்பது நெடுங்காலம் கடினமாயிருந்தது. ஆள் என்ற அட்டவணையில் தந்தையின் இலக்கமும் தாயின் இலக்கமும் எழுதப்பட்டுள்ளன எனக் கொள்வோம். பேரனைக் காண அவ்வட்டவணையை அதனுடனேயே இருமுறை இணைக்க வேண்டும். பூட்டனைக் காண மும்முறை. எத்தனை தலைமுறை என்பது முன்கூட்டித் தெரியாதவிடத்து வினாவையே எழுத இயலாது. 1999ஆம் ஆண்டு நியமத்திலேயே தன்னைத் தான் மீள அழைக்கும் வினவல் எஸ்.கியூ.எல். மொழியிற் சேர்க்கப்பட்டது. கணு, கோடு என உறவுகளையே முதற்பொருளாகக் கொள்ளும் வரைபுத் தரவுத்தளங்கள் பின்னர் செல்வாக்குப் பெற்றமைக்கு இக்குறையே வழிவகுத்தது. 2023ஆம் ஆண்டு நியமம் வரைபு வினவலையும் எஸ்.கியூ.எல். மொழிக்குள் உள்வாங்கிக்கொண்டது. பழைய படிநிலை முறை இதற்குத் தீர்வாகாது என்பதும் கூறத்தக்கது. அதில் ஒரு பதிவுக்கு ஒரு மேற்பதிவே உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ தாய்வழிச் சீதனமும் தந்தைவழி முதுசமும் என இருவழிகள்.

மேலும் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன காணியின் இயல்புகள் அல்ல; காணி வந்த வழியின் பெயர்கள். பெற்றோரின் தேடியதேட்டம் அவர்தம் மரணத்தின் பின் பிள்ளைகளிடத்து முதுசமாகின்றது. மண் மாறவில்லை, பெயர் மாறுகின்றது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வகைப்பாட்டின் எல்லைகளை மாற்றியமையால், கையேற்ற ஆண்டும் பார்க்கப்படுதல் வேண்டும். ஆதனவகை என ஒரு நிரல் வரைந்து மூன்றிலொன்றைத் தெரிவுசெய்யுமாறு கேட்கும் படிவம், வரலாற்றை ஒரு சொல்லாக்கிவிட்டு வரலாற்றைக் கைவிடுகின்றது.

அழிக்கும் பதிவும் அழிக்காத பதிவும்

உறவுநிலை முறையின் மற்றொரு குறை காலம் பற்றியது. அட்டவணையின் ஒரு கட்டத்திற் புதிய பெறுமானத்தை எழுதியவுடன் பழையது மறைந்துவிடும். தளம் கூறுவது இன்று உள்ளதையே. நேற்று இருந்ததை அன்று. 2011ஆம் ஆண்டு நியமம் காலத்தைக் கையாளும் வசதிகளைச் சேர்த்ததாயினும், அவற்றை வேண்டுமென்று கேட்டு அமைப்போர் சிலரே.

இத்தகைய தளத்தோடு நம் காணிப் பதிவகத்தின் பழைய ஏட்டினை ஒப்பிட்டு நோக்குக. 1863ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்திலிருந்து வளர்ந்து 1927ஆம் ஆண்டு 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தில் நிலைபெற்ற இம்முறையில், ஒவ்வொரு காணிக்கும் ஒரு மடிப்புத் தாள் உண்டு. கொடுத்தவர், பெற்றவர், உறுதியின் தன்மை, நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியன ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படும். எதுவும் அழிக்கப்படுவதில்லை. தாள் நிறைந்தாலோ காணி பிரிந்தாலோ புதிய தாள் திறக்கப்பட்டு, எங்கிருந்து வந்தது, எங்குச் செல்கின்றது என இரு தாள்களிலும் குறிக்கப்படும். நடந்தவற்றை வரிசையாக எழுதிக்கொண்டே செல்லும் நிகழ்வேட்டு முறையை அண்மைக் காலக் கணினியியலாளர் புதுமையெனப் போற்றுகின்றனர். யாழ்ப்பாணக் கச்சேரி எழுதுவினைஞர் அதனை மையாலும் கட்டைப் பேனாவாலும் செய்துவந்தனர் என்பதை அவர்கள் அறியார்.

காலம் இங்கு உயிரான பொருள். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒருவர் பத்தாண்டுகள் இடையறாது எதிராட்சி செய்த காணி அவருக்கு உரியதாகலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் பெயர்ந்த பல்லாயிரவரும், பலாலியைச் சூழ்ந்த உயர்பாதுகாப்பு வலயத்திற் காணியிழந்தோரும் தாமாக விரும்பித் தம் காணியை விட்டிருந்தவர் அல்லர். 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோர்க்கு எதிராக அக்காலத்தை எண்ணலாகாது என ஏற்பாடு செய்தது. ஒரு நிரையில் இன்றைய ஆட்சியாளர் பெயரை மட்டும் எழுதும் தளத்திற்கு இச்சட்டத்தின் பொருளே புலப்படாது. யார் இருக்கின்றார் என்பதுடன், யார் எக்காலத்தில் ஏன் இல்லாதிருந்தார் என்பதும் அதற்குத் தரவாகல் வேண்டும்.

உறவுநிலைத் தளத்தின் மீது கூறப்படும் பரவல் பற்றிய குற்றச்சாட்டையும் இவ்வனுபவத்தைக் கொண்டே விளக்கலாம். தரவு பல இடங்களிலுள்ள பொறிகளிற் பரப்பி வைக்கப்படும்போது, அவற்றிடையே தொடர்பு அறுந்தால் இரண்டிலொன்றையே தெரிவுசெய்யலாம்: முரண்பாடு நேராவண்ணம் எழுதுவதை நிறுத்தி வைத்தல், அல்லது தொடர்ந்து எழுத அனுமதித்துப் பின்னர் முரண்பாட்டைத் தீர்த்தல். எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த இக்கூற்று 2002இல் கணிதமுறையாக நிறுவப்பட்டது. உறவுநிலைத் தளங்கள் மரபாக முதலாவதைச் சார்ந்தன. 2007இல் அமேசன் நிறுவனத்தினர் விவரித்த டைனமோ போன்ற தளங்கள் இரண்டாவதைத் தெரிந்துகொண்டன. 1990க்குப் பின் மின்சாரமும் தொலைபேசியும் தரைப்பாதையும் ஆண்டுக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டை எண்ணிப் பார்ப்போர்க்கு இக்கூற்றினை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டா. கொழும்பிலுள்ள ஒரே மையத்தளத்தையே எல்லாப் பதிவுகளும் நம்பியிருந்திருப்பின், அக்காலம் முழுவதும் ஒரு சீதன உறுதிகூட எழுதப்பட்டிராது. மாறாக, நொத்தாரிசுச் சட்டம் ஒவ்வோர் உறுதியையும் மும்முறை இருக்கச் செய்கின்றது. மூலப்பிரதி பெற்றவரிடம், ஏட்டுப்பிரதி நொத்தாரிசிடம், இணைப்பிரதி காணிப் பதிவகத்தில். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் அதன் பிரதியை மீளப்பெறக் கூடியதாயிருப்பது இந்தப் பழைய ஏற்பாட்டினாலேயாகும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து அட்டவணையை அகற்றிவிட வேண்டும் என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. 2009 முதல் பெயர்பெற்ற ஆவணவகைத் தளங்கள் முன்வைக்கும் மாற்று, ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய முழுச் செய்திகளுடன் கட்டற்ற ஆவணமாக வைத்துக்கொள்ளுதல். யாழ்ப்பாணம் இதனையும் நெடுங்காலமாக அறியும். நொத்தாரிசின் உறுதி அத்தகைய ஆவணமே. அதில் காணியின் பெயர், பரப்பு, வந்த வழி, நான்கெல்லை, கிணற்றுப் பங்கு, நிற்கும் பனையும் வடலியும் யாவும் எழுதுபவர் விரும்பியவாறு விரிவாக இடம்பெறும். எதுவும் விடுபடுவதில்லை, எதுவும் சரிபார்க்கப்படுவதுமில்லை. ஒரே பங்கினை இருவருக்கு விற்கும் இரு உறுதிகள் தம்முள் ஒன்றையொன்று அறியா. பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றினை மிஞ்சினாலும் எவ்வுறுதியும் மறுப்புக் கூறாது. உறுதியை நொத்தாரிசு முன்னிலையில் எழுதக் கோரிய 1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்திற்கு மோசடித் தடுப்பு என்ற பெயர் அமைந்தமையும், அதுவும் போதாதெனப் பின்னர் பதிவேடு வந்தமையும் காரணத்துடனேயே. குடாநாடெங்கும் ஒரு பெண்ணின் பெயரில் உள்ள காணிகள் எத்தனை என்ற எளிய வினாவுக்கு உறுதிக் குவியலும் மடிப்புத் தாளும் விடை கூறா. அட்டவணை ஒரு நொடியிற் கூறும். இவ்வாற்றல் சொத்துரிமை பற்றி ஆராயும் பெண்ணுக்கும் பயன்படும், ஊழியத்திற்கு ஆள் தேடும் கம்பனிக்கும் பயன்படும்.

1998ஆம் ஆண்டு 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம், உறுதியைப் பதியும் முறையினின்று உரித்தையே பதியும் முறைக்கு இலங்கையைக் கொண்டுசெல்ல முற்பட்டது. அதன் அடிப்படை, அளந்து வரையப்பட்ட துண்டு, அதற்கோர் இலக்கம், அதற்குரிய உடையார் என்பதாகும். அட்டவணைக்கு இதனினும் உகந்த அமைப்பு வேறில்லை. பிரிபடாப் பங்கும் ஒற்றியும் முற்கொள்வனவும் உள்ள பிரதேசத்தில் அத்தகைய பதிவு நிகழும்போது, முன்னைய மடிப்புத் தாள்களை அகற்றாது இணைத்து வைப்பதும், பங்கினைப் பின்னமாகவே எழுதுவதும், நிரல்களை வரையுமுன் ஊர்ப் பெரியோரை மட்டுமன்றிக் காணியற்றோரையும் குத்தகையாளரையும் பெண்களையும் கேட்பதும் செய்யக்கூடியனவே. இவற்றுள் முதலிரண்டு நிரலாளர் கையில் உள்ளவை. மூன்றாவதை 1707இல் ஐசாக்ஸ் செய்யவில்லை.

2015க்குப் பின் வலிகாமம் வடக்கிற் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோர் பலரின் உறுதிகளில் நான்கெல்லை அயலவர் பெயராலேயே எழுதப்பட்டிருந்தது: கிழக்கு இன்னாரும் பங்குகாரரும், வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாரின் பெண்சாதி, தெற்கு கோயிற்காணி. வேலியும் கதியாலும் இல்லை. ஒழுங்கை எது என்பது புலப்படவில்லை. பெயர் குறிக்கப்பட்ட அயலவர் இறந்தோ ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருந்தனர். அவர்தம் உறுதிகளில் இவர்களே எல்லை. ஒன்றையொன்று சுட்டி நிற்கும் அவ்வுறுதிகளைப் பக்கத்திற் பக்கமாக விரித்து, கிணறு இருந்த இடத்தை முதலில் ஒப்புக்கொண்டு, அங்கிருந்து அளக்கத் தொடங்கினர்.